கைபேசி அவர்கள் கையில், கணக்கு யார் கையில்?

கொத்தவால்சாவடிக் காய்கறி வியாபாரம் 1996 இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், சுற்றியுள்ள தெருக்களில் மளிகை மொத்த வியாபாரம் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. எங்கள் கடைக்குக் காலை ஆறு மணியிலிருந்தே வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, காசிமேடு பக்கத்துச் சிறு வியாபாரிகள் வரத் தொடங்கிவிடுவார்கள். பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள், இட்லிக்கடை போடும் பெண்கள், தள்ளுவண்டியில் சுண்டல் விற்பவர்கள். ஒரு சிப்பம் அரிசி, பத்துக் கிலோ உளுந்து, ஐந்து லிட்டர் எண்ணெய், இவ்வளவுதான் இவர்களது கொள்முதல். பெரிய கடைக்காரர் பில் தொகையை மூன்று மாதம் இழுத்தடிப்பார். இட்லிக்கடை அம்மா மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மொத்த வியாபாரிகள் எல்லோருக்கும் இது தெரியும், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

இந்தச் சிறு வியாபாரிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இவர்களில் நம் கடைக்கு வருகிற அநேகமாக எல்லோரிடமும் இன்று கைபேசி இருக்கிறது, அதில் பணம் அனுப்பும் வசதியும் இருக்கிறது. அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்று அறிந்து செய்கிறார்களா என்பதே கேள்வி. நாங்கள் இதைக் கவனிக்கத் தவறியதால் ஒரு அம்மாவின் பணம் போயிற்று. அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

யு.பி.ஐ. முறை 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போதுகூட எங்கள் தெருவில் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனா வந்த 2020 க்குப் பிறகுதான் மாறினோம். நோட்டைத் தொடப் பயம் என்பது ஒரு காரணம். உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய காரணங்கள் வேறு. இட்லிக்கடைப் பணம் என்றால் பத்து ரூபாய் நோட்டும் சில்லறையுமாக வரும். எண்ணி முடிக்க ஒரு ஆள் வேண்டும். நடப்புக் கணக்கில் அளவுக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி கட்டணம் பிடிக்கிறது. கிழிந்த நோட்டுத் தகராறு வேறு. ஆகவே 2021 இல் கல்லாவுக்கு மேலே ஒரு அட்டையைத் தொங்கவிட்டோம்: "சில்லறைத் தட்டுப்பாடு. தயவுசெய்து போனில் பணம் செலுத்தவும்."

கொருக்குப்பேட்டையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அந்த அம்மா எங்களிடம் பதினைந்து வருடத்துக்கு மேலாகச் சரக்கு எடுப்பவர். படிப்பு இல்லை. ஆனால் நோட்டை நிறத்தால் அறிவார், கணக்கை விரலால் போடுவார். எங்கள் கணக்குப்பிள்ளை ஐந்து ரூபாய் கூட்டிப் போட்டாலும் பிடித்துவிடுவார். அட்டையைப் பார்த்து விவரம் கேட்டுக்கொண்டு, மகனிடம் சொல்லிப் போனில் எல்லாம் ஏற்றி வைத்துக்கொண்டு வந்தார். கல்லாவில் இருக்கும் பையனிடம் போனை நீட்டி, "நீயே போட்டுக்க தம்பி" என்று சொல்லி, ரகசிய எண்ணையும் உரக்கச் சொல்லுவார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்பார்கள். எங்கள் பையன் நல்லவன். அவனும் போட்டுக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுப்பான். இப்படியே மூன்று வருடம் போயிற்று. அதில் ஒரு தவறும் எங்கள் கண்ணில் படவில்லை.

விரல் பழகியது, விஷயம் பழகவில்லை

2024 இல் ஒரு வாரம் அந்த அம்மா வரவில்லை. பாக்கி 6,200 ரூபாய் நின்றது. இரண்டாவது வாரமும் வராததால் போன் செய்தோம். எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தபோது, "என்னம்மா, வேறு கடையில் வாங்க ஆரம்பித்துவிட்டீர்களா? பாக்கியைத் தீர்த்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போங்கள்" என்று சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம். மறுநாள் நேரில் வந்தார். முந்தானையில் முடிந்த 1,400 ரூபாயைக் கல்லாவில் வைத்தார். எல்லாம் பத்தும் இருபதுமாக இருந்தது. "ஓடிப் போற ஆளா அண்ணாச்சி நானு? போன்ல துட்டு போயிடுச்சி" என்றார்.

நடந்தது இதுதான். மாதா மாதம் வரும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை நின்றுபோய்விட்டதாகவும், உடனே சரி செய்யாவிட்டால் இனி வராது என்றும் ஒருவன் தமிழில் பேசியிருக்கிறான். 2023 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் தொகை எத்தனையோ வீடுகளில் எரிவாயு சிலிண்டர் வாங்க உதவுகிறது. நின்றுவிடும் என்றால் யாருக்கும் பதற்றம் வரும். பணம் அனுப்பும் செயலியைத் திறக்கச் சொன்னான். ஒரு போன் நம்பரை அழுத்தச் சொன்னான். பிறகு "உங்கள் கோடு எண் 18400" என்று சொல்லி அதை அழுத்தச் சொன்னான். கடைசியாக ரகசிய எண். அம்மா ஒவ்வொன்றாக அழுத்தினார். 18400 என்பது கோடு எண் அல்ல, ரூபாய் என்பது அவருக்குத் தெரியவில்லை. கடை வாடகைக்கும் பேத்தி பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

கையில் காசாக வாங்கியிருந்தால் ஐந்து ரூபாயை ஏமாற்ற முடியாத மனுஷி. 18,400 ரூபாயை அரை நிமிடத்தில் இழந்தார். எந்த இடத்தில் எதை அழுத்தவேண்டும் என்று அவருக்குப் பழக்கியிருந்தார்கள். அழுத்தினால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லவில்லை. ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லலாம் என்று பழக்கியது எங்கள் கல்லாதான்.

மறுநாள் காலையில்தான் அவருக்குப் பணம் போனதே தெரிந்திருக்கிறது. வங்கிக் கிளைக்குப் போனார். "ரகசிய எண்ணை நீங்களேதானே போட்டீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெட்கத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டார். எங்களிடம் சொன்ன அன்றுதான் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு நாங்கள் பேசிப் புகார் பதிவு செய்தோம். அதற்குள் பணம் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. இன்றுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையைப் பிற்பாடு ஒரு ஆடிட்டர் எங்களுக்கு விளக்கினார். வாடிக்கையாளர் தம் ரகசிய எண்ணைக் கவனக்குறைவாகக் கொடுத்துப் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது. ஆகவே பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 க்குப் பேசவேண்டும், வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். திருடன் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றும் முன் தடுத்தால்தான் உண்டு. இந்த எண்ணைக் கல்லாவுக்கு மேலே எழுதி வைத்துவிட்டோம். பழைய அட்டையைக் கழற்றிவிட்டோம்.

பாக்கித் தொகையை அந்த அம்மா நான்கு மாதத்தில் சிறுகச் சிறுகத் தீர்த்தார். தள்ளுபடி செய்கிறோம் என்றோம், கேட்கவில்லை.

மண்டபத்திலும் மேஜையிலும்

அதன்பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. தெருவில் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறிய மண்டபம் ஒன்றை எடுத்தோம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் ஒரு பையனை வரவழைத்துத் திரையில் படம் போட்டுக் காட்டச் செய்தோம். நாற்பது பேர் வந்தார்கள். பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் லாகின், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ், லிங்க் என்று பேசிக்கொண்டே போனான். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் காலை அதே ஆட்கள் அதே மாதிரி போனை நீட்டி ரகசிய எண்ணை உரக்கச் சொன்னார்கள். மண்டப வாடகை போனதுதான் மிச்சம்.

கடை வியாபாரத்தில் பிற்பகல் இரண்டரைக்கு மேல் நாலு மணி வரை மந்தமாக இருக்கும், உங்களுக்கும் தெரியும். அந்த நேரத்தில் கடை வாசலில் ஒரு மேஜையும் இரண்டு ஸ்டூலும் போட்டோம். மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளியின் மகள் பி.காம். படிக்கிறாள், அவளையும் அவள் தோழியையும் வாரம் மூன்று நாள் வரச் சொல்லி, நாளுக்கு 200 ரூபாய் கொடுக்கிறோம். அவர்களும் கொருக்குப்பேட்டைதான். "அக்கா, உன் போனைக் காட்டு" என்று உரிமையோடு கேட்க அவர்களால் முடிகிறது. ஒரு நேரத்தில் ஒரே ஆள். அவருடைய சொந்தப் போன். பாடம் என்று ஒன்றும் கிடையாது. முதலில் அவர் எங்கள் கடைக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பவேண்டும். பிறகு நாங்கள் அவருக்கு ஒரு ரூபாய் அனுப்புவோம். அனுப்பும்போது ரகசிய எண் கேட்டதா, வாங்கும்போது கேட்டதா என்று அவரே பார்த்துச் சொல்லவேண்டும். நாலைந்து முறை செய்தபின் அவர் வாயாலேயே வந்துவிடும்: "குடுக்கறப்பதான் நம்பர் கேக்குது, வாங்கறப்ப கேக்கல." இருப்புத் தொகை எவ்வளவு என்று பார்க்கும்போதும் அது கேட்கும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் குழம்பிவிடுவார்கள். பணம் தருகிறேன், எண்ணைப் போடு என்று எவன் சொன்னாலும் அவன் திருடன் என்பது அதன்பிறகு அவர்களுக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயமாக இருப்பதில்லை.

ஆண்கள் வருவதில் ஒரு சிக்கல் இருந்தது. இருபது வயதுப் பெண்ணின் முன்னால் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மூட்டைத் தொழிலாளிகளுக்குக் கூச்சம். ஓய்வு பெற்ற எங்கள் பழைய கணக்குப்பிள்ளையைச் சனிக்கிழமை உட்காரவைத்தோம். அவரே அறுபது வயதுக்கு மேல்தான் இதைக் கற்றுக்கொண்டவர், அடிக்கடி தடுமாறுவார். அவர் தடுமாறுவதைப் பார்த்தே இவர்களுக்குத் தைரியம் வந்தது என்று நினைக்கிறோம். பட்டன் போன் வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்டார் 99 ஹேஷ் என்ற பழைய வழியும், 2022 மார்ச்சில் வந்த யு.பி.ஐ. 123பே வழியும் இருக்கின்றன. அதையும் கணக்குப்பிள்ளையே காட்டுகிறார்.

இதுவரை எழுபது பேர் போல வந்திருக்கிறார்கள். அந்த இட்லிக்கடை அம்மா முதலில் மறுத்தார். "இனிமே அந்த சனியனைத் தொட மாட்டேன்" என்று ஒரு மாதம் ரொக்கமாகவே கொடுத்தார். பிறகு தாமாகவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வாய் திறந்த எழுத்து

படிக்கத் தெரியாதவர்களிடம் எங்களுக்கு ஏற்பட்ட பெரிய கஷ்டம் வங்கிக் குறுஞ்செய்தி. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. வரவுக்கு கிரெடிட், பற்றுக்கு டெபிட். நமக்கு இரண்டும் வேறு. எழுத்துத் தெரியாதவருக்கு இரண்டும் ஒரே மாதிரி வளைந்த கோடுகள்தான். பி.காம். பெண் ஒரு வழி கண்டுபிடித்தாள். கிரெடிட்டின் முதல் எழுத்தான 'சி' பிறை மாதிரி வாய் திறந்திருக்கும். டெபிட்டின் முதல் எழுத்தான 'டி' வாய் மூடி வயிறு புடைத்திருக்கும். வாய் திறந்திருந்தால் பணம் உள்ளே வந்தது, மூடியிருந்தால் வெளியே போனது. இரண்டு எழுத்தையும் சாக்பீஸால் மேஜையில் பெரிதாக எழுதி வைத்தாள். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு சுண்டல் வியாபாரி, தன் பழைய குறுஞ்செய்திகளை எல்லாம் திறந்து அரை மணி நேரம் உட்கார்ந்து வாய் திறந்தவை, மூடியவை என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். தான் வாங்காத ஏதோ ஒரு சேவைக்காக மாதம் 49 ரூபாய் போய்க்கொண்டிருந்ததை அவரே கண்டுபிடித்தார்.

குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்புகிறார்கள். பத்து இலக்க சாதாரண எண்ணிலிருந்து வந்தால் அது வங்கிச் செய்தி அல்ல. வாங்குகிறவர் தம் போனைத் திருப்பி "பாருங்க, பணம் போயிடுச்சு" என்று காட்டும் படத்தை நம்பிப் பெட்டிக்கடைக்காரர்கள் ஏமாறுவது தினமும் நடக்கிறது. அவருடைய போனில் என்ன தெரிகிறது என்பது நமக்கு எதற்கு? நம் போனில் வந்ததா என்பதே கணக்கு. கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையின் மேல் வேறொருவன் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போன சம்பவங்களும் நடந்திருக்கின்றன. காலையில் கடை திறந்ததும் வீட்டார் போனிலிருந்து ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தால் யார் பெயர் வருகிறது என்று தெரிந்துவிடும். முதல் போணி நம்முடையதாகவே இருக்கட்டும்.

மேஜையில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்கிறோம். வங்கியில் பதிவான போன் நம்பர் யாருடையது? பெரும்பாலான பெண்கள் மகனுடையது, மருமகனுடையது என்கிறார்கள். அந்த மகன் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதங்களில் நம்பர் போய்விடும், பிறகு வேறு யாருக்காவது கிடைக்கும். வங்கிச் செய்தி எல்லாம் அந்த ஆளுக்குப் போகும். கையில் இருக்கும் நம்பரைத்தான் வங்கியில் கொடுக்கவேண்டும். இரண்டாவது கேள்வி, சேமிப்பும் வியாபாரப் பணமும் ஒரே கணக்கிலா? அப்படியானால் இன்னொரு கணக்கு தொடங்கி, போனோடு சேர்ந்த கணக்கில் இரண்டு நாள் கொள்முதலுக்கு வேண்டியதை மட்டும் வைக்கச் சொல்கிறோம். கல்லாவில் எவ்வளவு வைப்பது, பீரோவில் எவ்வளவு வைப்பது என்று நமக்குத் தெரியும் அல்லவா, அதே வழக்கம்தான். அந்த அம்மா இப்படி வைத்திருந்தால் 18,400 போயிருக்காது.

இளைஞர்கள் விஷயம் வேறு. அவர்களுக்குப் போன் நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. "உன் பேங்க் கணக்கையும் சிம்மையும் கொஞ்ச நாள் குடு, மூவாயிரம் தர்றேன்" என்று ஆள் பிடிக்கிறார்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகிறது. பிறகு வெளி மாநிலப் போலீஸ் வந்து கதவைத் தட்டும்போது, கணக்குக்குச் சொந்தக்காரன்தான் அகப்படுகிறான். எங்கள் தெரு மூட்டைத் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு இது நடந்தது. கணக்கை வாடகைக்கு விட்டால் வழக்கையும் வாடகைக்கு எடுத்த மாதிரி என்று கணக்குப்பிள்ளை சொல்லுவார். இதில் நமக்கும் ஒரு பங்கு ஆபத்து உண்டு. திருட்டுப் பணத்தில் ஒருவன் நம் கடையில் சாமான் வாங்கினால், நம் கணக்கையும் வங்கி நிறுத்தி வைக்கக்கூடும். புளியந்தோப்பில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு 900 ரூபாய் வரவுக்காகக் கணக்கு ஆறு வாரம் முடங்கியது. பில் புத்தகம் சரியாக இருந்ததால் மீண்டார்.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதையும் பேசிவிடவேண்டும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு என்ற வரம்பை எடுத்துச் சொன்னோம். நாளுக்கு 3,000 ரூபாய்க்கு விற்கும் இட்லிக்கடைக்கு வருடம் முழுவதும் சேர்த்தாலும் 11 லட்சம்தான் ஆகிறது. உணவு, சேவைக்கான 20 லட்ச வரம்பைக்கூட அது எட்டவில்லை. கணக்குப் போட்டுக் காட்டியபின் ஆறுதல் அடைந்தார்கள். சொந்தப் பணமும் கைமாற்றும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்தால்தான் விற்பனை பெரிதாகத் தோன்றும் என்பதையும் சொன்னோம். தனிக் கணக்கு வைப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2017 இல் மத்திய அரசு ஆறு கோடி குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்குக் கம்ப்யூட்டர், கைபேசிப் பயிற்சி தரும் பெரிய திட்டம் கொண்டுவந்தது. 2024 மார்ச்சோடு முடிந்த அந்தத் திட்டம் கிராமங்களுக்கானது. கொருக்குப்பேட்டை கிராமம் அல்ல. பட்டணத்தில் இருப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள் போலும். தெருவோர வியாபாரிகளுக்கு 2020 இல் தொடங்கிய ஸ்வநிதிக் கடன் திட்டம் நல்ல திட்டம். முதல் கடன் 10,000 ரூபாய் என்றிருந்ததை 2025 இல் 15,000 ஆக்கி, திட்டத்தையும் 2030 வரை நீட்டித்திருக்கிறார்கள். போன் வழியாகப் பணம் வாங்கினால் ஊக்கத்தொகையும் உண்டு. தண்டல்காரனிடம் நாள் வட்டிக்கு வாங்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் விண்ணப்பிக்க ஆதாரோடு இணைந்த போன் நம்பர் வேண்டும். மகன் நம்பர் கதை இங்கேயும் வந்து நிற்கிறது. எங்கள் மேஜையிலிருந்து இதுவரை ஒன்பது பேர் நம்பரை மாற்றி விண்ணப்பித்திருக்கிறார்கள். ஐந்து பேருக்குப் பணம் வந்தது.

செலவு எவ்வளவு என்று சிலர் கேட்டார்கள். பெண்கள் இருவருக்கும் சேர்த்து மாதம் ஐயாயிரத்துக்குள், தேநீர்ச் செலவு தனி. பயிற்சிக்காக நாங்கள் அனுப்பும் ஒரு ரூபாய்கள் அனைத்தும் மாதம் முந்நூறைத் தாண்டவில்லை. அவர்கள் அனுப்பும் ஒரு ரூபாய்களைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இட்லிக்கடை அம்மா அதில் கண்டிப்பு. கல்லாப் பையன் இப்போது யார் போனையும் கையில் வாங்குவதில்லை. தொகையை உரக்கச் சொல்வதோடு சரி. அவசரக் காலை நேரத்தில் இதனால் வரிசை நீள்கிறது, அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

தங்கசாலைத் தெருவிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் கடை வாசலில் ஒரு மேஜை போட இடம் உள்ள உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், எங்கள் கடையில் உட்காரும் பெண்களை முதல் இரண்டு வாரம் அனுப்பிவைக்கிறோம். மே 5 வணிகர் தினத்துக்கு முன்பாக இன்னும் நான்கு மேஜைகள் சேர்ந்தால் நல்லது. சாக்பீஸ் எங்கள் செலவு.